ஜீப்புக்கு மூக்கு வைத்தவர்

என் இரண்டு காதுகளில் இடது காதுதான் பெரிய மனிதர். ஏழெட்டு வருடம் பிட்டர் அண்ணன் பேசியதெல்லாம் அதற்குள்தான் போயிற்று. எங்கே கண்டாலும் என் முழங்கையைப் பிடித்து, கூட்டத்திலிருந்து நாலடி தள்ளி நிறுத்தி, வெற்றிலை வாசம் கன்னத்தில் படுகிற தூரத்துக்கு வந்து, "தம்பி, ஒன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்பார். அதற்குப் பிறகு வருவது எதுவாகவும் இருக்கலாம். ஆடி மாதம், மலை முழுக்கப் பனி மூடி, லயத்து வரிசை வீடுகளின் தகரமெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு நாளில், "இந்த மழை இன்னும் மூணு நாளைக்கு நிக்காது. வெளிய சொல்லிராதே" என்றார். நானும் சொல்லவில்லை. நனைந்துகொண்டே ரகசியத்தைக் காப்பாற்றினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் பிட்டர். பெக்டரி இயந்திரம், கொழுந்து லொறி, துரையின் ஜீப், ஆஸ்பத்திரித் தண்ணீர்க் குழாய், கோயில் மணியின் நாக்கு, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் பிட்டர் அண்ணன். பேர் ஒன்று இருந்தது. அதை எழுதப்போவதில்லை. பேரை எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. பிட்டர் என்று எழுதினால் கொஞ்சம் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. இரண்டும் கலந்து இருந்தால்தான் அவர் ஆள் அடையாளம் சரியாக வரும்.

துரையின் பல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, ஒன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். தொரைக்கு மேல்வரிசைப் பல்லு பூரா கட்டுனது. பங்களாவுல தண்ணிக் குழாய் பாக்கப் போனேன். கிளாசுக்குள்ள கெடந்து என்னைப் பாத்துச் சிரிக்குது." எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரையின் வாய்க்குள் இருப்பது அந்த மலையில் இரண்டே பேருக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்!

திருவிழாவுக்கு துரை வந்தார். மாலை போட்டோம். வழக்கம்போல் கோயில் கங்காணி ஒரு தட்டில் முறுக்கை நீட்டினார். துரை ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பு மேளம் நின்றது, குழல் நின்றது, இடுப்புப் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தின. முந்நூறு பேரும் துரையின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை பயந்துபோய் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. 'பாவம், இவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்' என்று அந்த முந்நூறு பேருக்காகவும் இரக்கப்பட்டுக்கொண்டு நின்றேன். என் புத்தியின் அகலம் அவ்வளவுதான்.

ஆனால் வெறும் வாய் மட்டும் உள்ள ஆளில்லை அவர். கை இருந்தது. இயந்திரத்தின் மேல் புறங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொட்டு, கண்ணை மூடி நிற்பார். பிறகு ஒரே ஒரு ஆணியைத் திருகுவார். ஓடும். அந்தக் கையால்தான் எனக்கும் ஒரு நல்லது செய்தார். மலையில் முள்ளு குத்தி மண் கிளறிக்கொண்டிருந்த என்னை, தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் ஐயாவிடம் சொல்லி பெக்டரி மேல்மாடிக்கு ஏற்றிவிட்டவர் அவர்தான். பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற மாடி அது. கீழே தேயிலை காய்கிற அடுப்பின் சூடு மேலே ஏறி வரும். வெளியே தோட்டமே குளிரில் பல்லடிக்கும்போது நான் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நிற்பேன். ஜன்னல் எப்போது திறக்க, எப்போது மூட என்பதெல்லாம் என் அதிகாரம். சாவி என் இடுப்பில்.

அந்தச் சாவியைக் காட்டித்தான் கந்தப்பளையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணை ஒரு தடவை பார்த்தேன். நான் சொன்ன ஒரு அசட்டுப் பகிடிக்கு, அப்பா முறைக்க முறைக்க, முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். என் பகிடிக்கு என்னைத் தவிர இன்னொருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்பாக்காரர் மட்டும் வாசல்வரை வந்து கேட்டார். "மேல்மாடி வேலை நெலையானதுதானுங்களே?" "நெலையானதுங்க" என்றேன். தை பிறந்ததும் கலியாணம் என்று முடிவாயிற்று.

இனி ஜீப்பு.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகிற வழியில் ஓர் ஆறு குறுக்கே ஓடும். பாலம் கிடையாது. வெயில் காலத்தில் அதில் கோழி நடக்கும். மழை பிடித்தால் ஜீப்பின் முன்மூடிவரை தண்ணீர். துரை விடாமல் இறக்குவார். நடு ஆற்றில் இரண்டு செருமல் செருமி என்ஜின் செத்துப்போகும். துரை வாயில் பைப்போடு, முழங்கால்வரை தண்ணீரில், ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். நாங்கள் இருபது பேர் கயிறு கட்டி இழுப்போம். மூன்று வருடமாக இதுதான் எங்கள் மழைக்காலத் தேரோட்டம்.

"என்ஜினுக்கும் மூக்கு உண்டு தம்பி" என்றார் பிட்டர் அண்ணன், என் இடது காதில். "காத்து இழுக்கிற வாய் கீழ கெடக்கு. தண்ணி உள்ள போனா நீயும் சாவே, அதுவும் சாகும். அந்த மூக்கைத் தூக்கி நெத்திக்கு மேல வச்சிட்டா?"

முதலில் அந்தக் காற்றுக் குழாயைத் தகரத்தில் செய்து பார்த்தார். எங்கள் பாதையின் குலுக்கலில் பத்தே நாளில் பற்றவைத்த இடமெல்லாம் விரிந்தது. அப்போது துரை, கொழும்பில் படகு கட்டுகிற தன் சிநேகிதரிடமிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். உள்ளே ஒரு டின்னில் தேன் மாதிரி பிசின், ஒரு சின்னப் போத்தலில் அதை இறுகவைக்கிற மருந்து, பிறகு சுருட்டி வைத்த வெள்ளைத் துணி. துணியென்றால் துணியில்லை, கண்ணாடியை நூலாக்கிப் பரப்பியது. பைபர் கிளாஸ் என்று பேர். அதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

ஒரு வாரம், வேலை முடிந்த பிறகு, பட்டறையில் அவரும் நானும். இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. "நம்பிக்கையான ஆள் நீ ஒருத்தன்தான்" என்றார். போதாதா எனக்கு? ஜீப்பின் பக்கவாட்டில் நூல் பிடித்து, முன்மூடியிலிருந்து முன்கண்ணாடி ஓரத் தூண் வழியாகக் கூரைவரை வளைவு எடுத்து, அதே வளைவில் மரத்தைச் செதுக்கினார். பிசின் மரத்தோடு ஒட்டாமலிருக்க மெழுகு வேண்டும். பங்களாச் சமையல்கார அப்புவிடம் கெஞ்சி, துரை வீட்டுத் தரைக்குப் போடுகிற சிவப்புப் பாலிஷ் வாங்கி வந்து தேய்த்தோம். அதன் மேல் கண்ணாடித் துணியை வைத்து, பிசினைத் தூரிகையால் ஒற்றி, காற்றுக் குமிழியை விரலால் தள்ளி, மறுபடி துணி, மறுபடி பிசின். முருங்கைக்காயைப் பிளந்த மாதிரி இரண்டு பாதியாகச் செய்து பிறகு ஒட்டுவது அவர் திட்டம்.

அந்தத் துணி தொட்ட கை அரிக்கும் பாருங்கள், அது தனி அரிப்பு. நான் கழுத்தைச் சொறிந்து, கழுத்திலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து சொல்லக்கூடாத இடம்வரை கொண்டுபோய்விட்டேன். எங்க அம்மா சொறி என்று முடிவுகட்டி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். மஞ்சள் பூசிய மாப்பிள்ளையாக, கலியாணத்துக்கு நாலு மாதம் முன்னாலேயே நான் தயார்.

எல்லாம் சரி, பிசின் இறுகவில்லை. போத்தலில் எழுதியிருந்தபடி மருந்து கலந்தார். இரண்டு நாள், மூன்று நாள். பலாப்பழத்தின் பால் மாதிரி விரலோடு இழுபட்டது. கொழும்பு வெயிலுக்குச் செய்த சாமான் எங்கள் பனியில் என்ன செய்யும்? பிட்டர் அண்ணன் புறங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது என் முழங்கை அவர் கையில் இருந்தது.

"தம்பி, இதுக்குச் சூடு வேணும். ஒன் மேல்மாடி இருக்கே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. விடியக் கொழுந்தைக் கீழ எறக்கிருவீங்க. அடுப்பு மட்டும் எரியும். மாடி சும்மாதானே கெடக்கும்? திங்கக்கெழம புதுக் கொழுந்து வர்றதுக்குள்ள எடுத்துருவோம்."

"டீமேக்கர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோமா அண்ணே?"

"கேட்டா அவரு தொரைகிட்ட கேப்பாரு. தொரை கொழும்புக்குக் கேப்பாரு. அதுக்குள்ள மழை வந்துரும். ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும்தான் தூக்கிப்போனோம். அவர் முன்னால், நான் பின்னால். மரத்தோடு சேர்த்து அந்த இரண்டு பாதிகளையும் சாக்குத் தட்டின் மேல் கிடத்தினோம். ஜன்னலை மூடினேன், சூடு போகக்கூடாதே. திங்கட்கிழமை காலை தட்டிப் பார்த்தால் எலும்பு மாதிரி ணங்கென்றது. பாலிஷ் சிவப்பு உட்புறம் ஏறி, மனிதத் தொண்டை மாதிரியே இருந்தது. பிட்டர் அண்ணன் என் முதுகில் ஓங்கி அடித்தார். அன்று இருவரும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தோம். அதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

தேயிலைக்கு ஒரு குணம். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். இது எங்கள் தோட்டத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும். பெக்டரிக்குள் மண்ணெண்ணெய் விளக்கைக்கூட விடமாட்டார்கள். எனக்கும் தெரியும். அதனால் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு நன்றாக மோந்தும் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. ஒரு வாரமாக அந்தப் பிசினிலேயே முகத்தை வைத்திருந்த மூக்கு என்னுடையது. அதனிடம் போய் நான் சாட்சி கேட்டிருக்கிறேன்! ஒரு பகல் ஒரு இரவு குடித்த வாசத்தைச் சாக்குத் தட்டுகள் பத்திரமாக வைத்திருந்தன. அதன் மேல்தான் திங்கட்கிழமைக் கொழுந்து முழுவதையும் பரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை டீமேக்கர் ஐயா வழக்கம்போல் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றினார். துப்பினார். நாக்கை வேட்டித் தலைப்பால் துடைத்தார். அடுத்த கோப்பை. துடைத்தார்.

"யாருடா இதுல வார்னிஷ் அடிச்சது?"

ஒரு நாள் தேயிலை முழுவதும் பாழ். உரக் குழிக்குப் போகவேண்டியதுதான். புதன்கிழமை ஆபீசில் விசாரணை, குற்றவாளிக்குப் பத்துச் சீட்டு என்று சொல்லிவிட்டார்கள். பத்துச் சீட்டு என்றால் பேரை வெட்டி, லயத்துக் காம்பராவைக் காலி பண்ணி, வயசான அம்மாவோடும் சட்டி பானையோடும் ரோட்டில் இறங்கு என்று அர்த்தம். அடுத்த தோட்டம் சேர்க்காது. கந்தப்பளையை நினைக்கவே வேண்டாம்.

அன்று முழுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். டீமேக்கர் ஐயா கேட்டார், "தெரியாதுங்க" என்றேன். கணக்கப்பிள்ளை கேட்டார், "தெரியாதுங்க." அம்மா கேட்டாள், "ஒனக்கு எதுக்கு அது?" என்றேன். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்காதவரை பிட்டர் அண்ணனை ஒருத்தனும் தொட முடியாது. அவருக்கு நாலு பிள்ளை. நான் அவருக்குக் கோட்டை.

புதன்கிழமை ஆபீசில் துரை மேசைக்குப் பின்னால். ஒரு பக்கம் டீமேக்கர் ஐயா, ஒரு பக்கம் கணக்கப்பிள்ளை. சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பிட்டர் அண்ணன்.

"மேல்மாடியில என்ன வச்சது?" துரையின் தமிழ்.

"ஒண்ணும் வைக்கலைங்க தொரை."

"ஒண்ணும் இல்லை?"

"சத்தியமா இல்லைங்க தொரை."

துரை பைப்பை மேசையில் தட்டினார். "நீ பொய் பேசுது. பிட்டர் நல்ல மனுசன். நேத்து சாயந்தரம் பங்களாவுக்கு வந்து சொல்லியாச்சு. நமக்கு மட்டும் சொல்லியாச்சு. ஜீப் சாமான் பட்டறையில இருந்திச்சு. நீ கேக்காம தூக்கிப் போயி மேல வச்சது. அவரு வேணாம் சொன்னது. நீ கேக்கலை."

நான் டீமேக்கர் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார், தனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி. கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். அவரும். மூன்று முகத்திலும் ஒரே மாதிரி ஒரு மினுக்கம். இந்த விஷயம் தன் ஒருத்தனை நம்பித்தான் ஒப்படைக்கப்பட்டது என்கிற மினுக்கம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முகம் சவரம் பண்ணுகிற கண்ணாடியில் ஏழெட்டு வருடமாகப் பார்த்து வருகிறேன்.

பிட்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் தொப்பியின் உட்புறத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் ஒரு நிமிடம் முன்னால்தான் இதே வாயால் சத்தியம் பண்ணி ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவருக்காக. அடுத்து வருவதை யார் நம்புவார்கள்? நம்பினால்தான் என்ன? பத்துச் சீட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும். நாலு பிள்ளையும் சட்டி பானையும் ரோட்டில் இறங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆமாங்க தொரை. நான்தான் வச்சேன்."

ஒத்துக்கொண்டதற்காகத் துரை கொஞ்சம் இளகினார். சீட்டு இல்லை. சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். நாளையிலிருந்து கான் வெட்டு. மலைச்சரிவிலும் பாதையோரத்திலும் மழைத் தண்ணீர் ஓடக் கான் தோண்டுகிற வேலை. சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்க எனக்கு நேரம் பிடித்தது. முடிச்சு நான் போட்டதுதான்.

கந்தப்பளையிலிருந்து பெண்ணின் மாமா வந்தார். நல்ல மனிதர், உட்காரக்கூட இல்லை. "மேல்மாடி மாப்பிள்ளைன்னுதான் பேசுனோம், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த வெற்றிலையைக் கொண்டுவந்த கையாலேயே எடுத்துப் போய்விட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மழை பிடித்தது. ஜீப்பின் பக்கத்தில் அந்த மூக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்கள் அதற்குத் தும்பிக்கை என்று பேர் வைத்து, யாரோ ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். ஆற்றில் இறக்குகிற நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று எங்களைக் கயிறோடு கரையில் நிறுத்தினார்கள். தண்ணீர் முன்மூடிக்கு மேலே ஏறியது. நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது என்னவென்று சொல்லமாட்டேன், அம்மன் கேட்கவும் இல்லை. தும்பிக்கை மட்டும் மேலே நின்று காற்றை இழுத்தது. ஜீப்பு ஒரு தடவைகூடச் செருமாமல் அக்கரை ஏறியது. துரை தொப்பியைச் சுழற்றினார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அந்த வளைவின் கீழ்ப்பாதியில் குமிழி தள்ளியது என் விரல்தானே.

அதற்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு, பெக்டரிக்குப் போகிற வளைவில் நான் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான். அவர் வந்தார். நாலடி தள்ளி அழைத்துப்போக அங்கே கூட்டமும் இல்லை. முழங்கையையும் பிடிக்கவில்லை. பாதையிலேயே நின்றார்.

"நாலு புள்ள தம்பி" என்றார், சாதாரணக் குரலில். அவருடைய சாதாரணக் குரலை அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் கீச்சுக் குரல்.

"தெரியும்ணே."

"நீ ஒத்தை ஆளு. ஒன்னை ஏசுவாங்க, எறக்குவாங்க. என்னைன்னா அனுப்பிருவாங்க."

"அதுவும் தெரியும். ஒரு வார்த்த என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, நானே போயி ஏத்துக்கிட்டிருப்பேன். சத்தியம் பண்ணிப் பொய்யாவது சொல்லாம இருந்திருப்பேன்."

"ஏத்துக்கிட்டிருப்பே. அது எனக்குத் தெரியும்." காலால் ஒரு கல்லைத் தள்ளினார். "அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஒன் மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

"இப்ப எப்படி முழிக்கிறீங்க?"

அவர் முழிக்கவில்லை. என் காலடியில் இருந்த கானைத்தான் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை கண்ணால் நூல் பிடித்தார். குனிந்து, ஈர மண்ணில் புறங்கையை வைத்தார்.

"இந்த வளைவுல இன்னும் அரை அடி சரிச்சு வெட்டு. இல்லாட்டித் தண்ணி ரோட்டுக்கு ஏறிரும்" என்றார்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அவர் பெக்டரிப் பக்கம் திரும்பி மறைகிறவரை நின்றேன். போய்விட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அரை அடி சரித்து வெட்டினேன்.